ரப்பர் ஆசிட்டும் உப்பு வெள்ளமும்

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் வீடு தமிழ்நாடு-கேரள எல்லையில் பனச்சமூடு பக்கம். ஒன்றரை ஏக்கர் ரப்பர் உண்டு, பாலை ஆசிட் ஊற்றி உறைய வைத்து ஷீட் நாங்களே அடிக்கிறோம். மூன்று வாரத்துக்கு முன் காலை பத்து மணி போல என் மகன் (1 வயது 10 மாதம்) ஷெட்டில் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் வைத்திருந்த ஆசிட்டைக் குடித்துவிட்டான். தண்ணீர் கலந்து வைத்ததுதான். அலறல் கேட்டு ஓடிப்போனோம். மாமி உடனே தொண்டையில் விரல் விட்டு, உப்பு வெள்ளம் (உப்புத் தண்ணீர்) கலக்கிக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார். அடுத்த வீட்டு அக்கா முட்டை வெள்ளைக்கரு கொடுக்கச் சொன்னார். அதற்குள் இந்தப் பக்கம் குழித்துறைக்கா, கேரளத்தில் நெய்யாற்றின்கரைக்கா என்று வீட்டுக்காரருக்கும் மாமாவுக்கும் வாக்குவாதம். ஆசுபத்திரிக்குப் போக முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. மறுநாள் எண்டோஸ்கோபி பார்த்து '2ஏ' என்று எழுதினார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது நன்றாக விளையாடுகிறான். ஒரு வாரமாகப் புட்டு, தோசை வேண்டாம் என்கிறான், கஞ்சித் தண்ணீர்தான் கேட்கிறான். செல்லம் கொஞ்சுகிறான் என்கிறார் மாமி. வாந்தி எடுக்க வைத்தது சரியா தப்பா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை. நீங்கள் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

பதில்: தங்கச்சி, மாமி செய்தது சரியா தப்பா என்பதுதான் உங்கள் கடிதத்தில் பெரிய கேள்வி. எனக்கு அது இரண்டாவது. போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஒரு வாரமாகப் புட்டும் தோசையும் வேண்டாம் என்கிறான் என்று, அந்த வரியில்தான் என் கண் நின்றது. கடிதத்தில் எண் இருந்ததால் அன்றைக்கே உங்களைக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். இந்த வாரமே குழந்தையைக் காட்டுவதாகச் சொன்னீர்கள். ஃபோனில் அவசரமாகச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். அருமனை, குலசேகரம், அந்தப் பக்கம் வெள்ளறடை என்று நம்மிடம் ஷீட் அடிக்கிற வீடுகள் ஏராளம். அத்தனை வீட்டிலும் ஆசிட் இருக்கிறது, பாதி வீட்டில் நடக்கப் பழகிய பிள்ளையும் இருக்கிறது.

ஆசிட் பட்ட இடம் வெந்துபோகும். முதல் சில நாள் வீக்கம், அப்புறம் வெந்த தோல் உரிந்து புண் ஆறத் தொடங்கும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாவது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் ஆறுகிற புண் தழும்பாகிறது. கையில் கொதி எண்ணெய் பட்ட இடம் ஆறும்போது தோலை இழுத்துப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உணவுக்குழாயின் உள்சுவரில் சுற்றிலும் அப்படி இழுத்தால் வழி குறுகிவிடும். பெரும்பாலும் மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் இது தெரியவரும். நீங்கள் கடிதம் எழுதியது சரியாக அந்த நேரத்தில்.

இந்த வயதுப் பிள்ளைக்குத் தொண்டையில் அடைக்கிறது என்று சொல்லத் தெரியாது. கட்டியானதை ஒதுக்கும், தண்ணியானதைக் கேட்கும். ஒரு வாய் வாங்கிவிட்டு அழும். எச்சில் ஒழுகும், சாப்பாட்டுக்கு நடுவே இருமும், தின்றதை அப்படியே வெளியே தள்ளும். இதில் ஒன்று இருந்தாலும் செல்லம் என்று விடக்கூடாது. எடையும் பாருங்கள். அதற்கு என்னிடம் வரவேண்டியதில்லை, அங்கன்வாடித் தராசு போதும். வாரம் ஒரு தடவை ஒரே தராசில் நிறுத்து எழுதி வையுங்கள்.

ஆசிட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. உணவுக்குழாயில் வழுக்கிக்கொண்டு இறங்கி இரைப்பையின் கீழ்ப்பகுதியில் தேங்கும். அதனால் சில பிள்ளைகளுக்கு மேலே ஒன்றும் இருக்காது, இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாசல் குறுகிவிடும். நன்றாகத் தின்பான், கொஞ்ச நேரம் கழித்துத் தின்றது முழுக்க வாந்தியாக வரும். 'வயிற்றுக்குச் சேரவில்லை' என்று ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டிய வீடுகள் எனக்குத் தெரியும்.

அப்படியானால் '2ஏ' என்று எழுதியதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பீர்கள். எண்டோஸ்கோபியில் பார்க்கும் காயத்தைத் தரம் பிரிக்கும் முறை அது. சண்டிகரில் பி.ஜி.ஐ. என்ற மருத்துவ நிறுவனத்தில் இருந்த டாக்டர் ஸர்கரும் (Zargar) உடன் பணியாற்றியவர்களும் 1991இல் வெளியிட்டது, இன்றைக்கு உலகம் முழுக்க அதைத்தான் பின்பற்றுகிறார்கள். 1 என்றால் வெறும் சிவப்பும் வீக்கமும். 2ஏ என்றால் மேலோட்டமான புண். 2பி என்றால் ஆழமான புண், அல்லது குழாயைச் சுற்றிவரும் புண். 3 என்றால் தசை கருகியது. வழி குறுகுவது பெரும்பாலும் 2பியிலும் 3இலும்தான். 2ஏ வழக்கமாகத் தொந்தரவில்லாமல் ஆறிவிடும். ஆகவே உங்கள் மகனுக்கு நல்லபடியாக முடியத்தான் வாய்ப்பு அதிகம், மாமி சொல்வது போல வெறும் செல்லமாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தாள் மறுநாள் பார்த்த நிலையைத்தான் சொல்கிறது. இன்றைக்குக் குழந்தை புட்டை ஒதுக்கும்போது பழைய தாளைப் பார்த்து ஆறுதல் அடைய எனக்கு மனசில்லை. மருந்து குடிக்கவைத்து எடுக்கிற எக்ஸ்ரே ஒன்று எடுத்தால் வழி எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். எண்டோஸ்கோபி பார்த்த அதே இடத்துக்குப் போவது நல்லது, பழைய படம் அவர்களிடம் இருக்கும். குறுகியிருந்தாலும் பதற வேண்டாம். எண்டோஸ்கோபி வழியாகவே பலூன் வைத்து விரிப்பார்கள். ஒரு தடவையில் முடியாது, சில வார இடைவெளியில் பல தடவை செய்யவேண்டி வரலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் வேலை சுலபம்.

இனி மாமி. வாந்தி எடுக்க வைத்தது தப்புதான். ஆனால் அதை வைத்து அவரை நோகடிக்காதீர்கள், ஏனென்றால் ஒரு காலத்தில் நாங்களும் அதையே சொன்னவர்கள். வாந்தி வரவழைக்கிற மருந்தை வீட்டில் வாங்கி வையுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களே பல வருடம் தாய்மாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2003இல்தான் அவர்கள் சங்கம், இனி வேண்டாம், இருந்தால் தூக்கி எறியுங்கள் என்று மாற்றிச் சொன்னது.

காரணம் இதுதான். ஆசிட் உள்ளே போகும்போது ஒரு தடவை சுட்டது. வாந்தியாக வெளியே வரும்போது அதே பாதையை இரண்டாம் தடவை சுடுகிறது. குழந்தை அழுதுகொண்டே வாந்தி எடுக்கும்போது மூச்சு இழுக்கும், அப்போது நுரையீரலுக்குள்ளும் போகும். விரல் விட்டதில் தொண்டை கிழிந்து ரத்தம் வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். நல்லவேளையாக உங்கள் வீட்டில் இருந்தது தண்ணீர் கலந்த ஆசிட். கடையில் வாங்குகிற கேனில் இருப்பது பெரும்பாலும் 85 சதவீத ஃபார்மிக் ஆசிட். எறும்பு கடித்தால் சுருக்கென்று எரிகிறதே, அந்த எரிச்சலில் இருப்பதும் இதுவேதான், அங்கே ஒரு துளியில் துளி. கேனில் இருந்ததைக் குடித்திருந்தால் தொண்டையோடு நிற்காது. ரத்தத்தில் கலந்து ரத்த அணுக்களை உடைக்கும், சிறுநீரகத்தை நிறுத்தும். கேரளத்து ரப்பர் மாவட்டங்களில் பெரியவர்கள் தெரிந்தே குடித்த சம்பவங்களைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் எழுதியிருப்பதைப் படித்தால் உறக்கம் வராது. மலிவு என்று சிலர் சல்ஃபியூரிக் ஆசிட் வாங்கி வைக்கிறார்கள். ஷீட்டுக்கும் கேடு, பிள்ளைக்கும் கேடு.

உப்பு வெள்ளம் அதைவிட மோசம். ஒரு மேசைக்கரண்டி உப்பு இந்த வயதுப் பிள்ளையின் ரத்தத்தில் சோடியத்தை வலிப்பு வரும் அளவுக்கு ஏற்றிவிடும். விஷம் பிழைக்கவிட்ட குழந்தையை உப்பு கொன்ற கதைகள் மருத்துவத்தில் உண்டு. உங்கள் மகன் அதை அப்போதே வாந்தி எடுத்துவிட்டதால் தப்பினான். புளிவெள்ளம், சோப்புத் தண்ணீர், சாம்பல் கரைத்தது எல்லாம் இதே வகைதான். முட்டை வெள்ளையும் தேங்காய்ப்பாலும் அவ்வளவு கெடுதல் செய்யாது. ஆனால் வயிறு நிறைய ஊற்றினால் அதுவே வாந்தியைக் கிளப்பும், எண்டோஸ்கோபி பார்ப்பவருக்கும் ஒன்றும் தெரியாது. 'ஆசிட்டை முறிக்க' ஆப்பசோடா கரைத்துக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆசிட்டும் சோடாவும் சேர்ந்தால் பொங்கும், சூடும் வரும். வெந்த வயிற்றுக்குள் அது நடக்க வேண்டுமா?

மண்ணெண்ணெய் விஷயத்திலும் வாந்திதான் வில்லன். இதில் எனக்கே ஒரு பழைய பாவம் உண்டு. படிப்பு முடித்துப் பயிற்சியில் இருந்த நாட்களில் ஒரு இரவு, இரண்டு வயதுப் பெண் குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டாள் என்று தூக்கி வந்தார்கள். விஷம் என்றால் வயிறு கழுவு என்பது அப்போது அந்த ஆசுபத்திரியில் கேள்வி கேட்காத வழக்கம். நானும் குழாய் போட்டுக் கழுவினேன். கழுவும்போதே குமட்டி வாந்தி எடுத்தாள். வரும்போது சும்மா இருமிக்கொண்டிருந்த பிள்ளை விடியற்காலையில் மூச்சுக்குத் தவித்தது. ஒன்பது நாள் ஆக்ஸிஜன். பிழைத்துவிட்டாள். இன்றைக்கு அவளுக்கே பிள்ளை இருக்கும். மண்ணெண்ணெய் வயிற்றில் கிடந்தால் அதிகம் ஒன்றும் செய்வதில்லை. இரண்டு துளி நுரையீரலுக்குள் போனால் மெல்லிய படலமாகப் பரவி அதை வேகவைத்துவிடும். அதனால்தான் இப்போது வயிறு கழுவுவதில்லை. எக்ஸ்ரே எடுத்து ஆறு மணி நேரம் கூடவே வைத்துப் பார்ப்போம், இருமலும் மூச்சிரைப்பும் இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்புவோம். 'டாக்டர் ஒண்ணுமே செய்யல, சும்மா வச்சிருந்தாரு' என்று சண்டைக்கு வருகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தச் சும்மா இருத்தல்தான் வைத்தியம் என்று புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அன்றைக்கு என்ன செய்திருக்கலாம்? குழந்தையின் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கி மூடி, அதைக் கூடவே எடுத்துக்கொள்ளவேண்டும். ஈரத்துணியால் வாயைத் துடைக்கலாம். மேலே சிந்தியிருந்தால் உடுப்பைக் கழற்றி, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவவேண்டும். கண்ணில் பட்டிருந்தாலும் அப்படித்தான், இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு. இந்தக் கழுவுதலை மட்டும் வீட்டிலேயே தொடங்கவேண்டும், ஆசுபத்திரி வரை தள்ளிப்போட்டால் பார்வை போகும். வாய் வழியாக ஒன்றும் கொடுக்காதீர்கள். எச்சில் ஒழுகினால், குரல் கரகரத்தால், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். மயக்கமாக இருந்தால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்துத் தூக்கிப் போங்கள். உதட்டில் புண் இல்லை, அதனால் உள்ளேயும் இருக்காது என்று கணக்குப் போடவும் கூடாது. வாய் சுத்தமாக இருந்து உணவுக்குழாய் வெந்த பிள்ளைகள் உண்டு.

பாட்டிலைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வருகிறவர்களில் பாதிப்பேர் 'என்னமோ குடிச்சிட்டான் டாக்டர்' என்றுதான் வருகிறார்கள். அந்த 'என்னமோ' எங்களுக்கு ஒரு மணி நேரம் தின்றுவிடும். பாட்டில், மாத்திரை ஸ்ட்ரிப், காய், வாந்தி பட்ட துணி, எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். இந்த வயதுப் பிள்ளையின் ஒரு வாய் ஏறக்குறைய 5 மில்லி, ஒரு டீஸ்பூன். எத்தனை மணிக்கு, குழந்தையின் எடை என்ன, வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள் அதிகம். உப்பு கொடுத்ததைச் சொன்னால்தான் நாங்கள் சோடியம் பார்ப்போம்.

பாட்டிலை மறைப்பதற்கு இன்னொரு காரணம் போலீஸ் பயம். விஷம் என்றால் ஆசுபத்திரியில் போலீசுக்குத் தகவல் எழுதுவார்கள், அது வழக்கமான நடைமுறை. பிள்ளை தவறுதலாகக் குடித்ததற்காக உங்களைக் கொண்டுபோய் அடைப்பதற்கு அல்ல. அந்தத் தாளைக் காட்டி 'முதலில் போலீஸ், அப்புறம் வைத்தியம்' என்று எந்த ஆசுபத்திரியும் சொல்லக்கூடாது. உயிர் காப்பதுதான் முதலில், சட்ட நடைமுறை பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது அரசு ஆசுபத்திரிக்கும் பொருந்தும், தனியாருக்கும் பொருந்தும்.

குழித்துறையா நெய்யாற்றின்கரையா என்ற சண்டைக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் மட்டுமா இந்தச் சண்டை? 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தாலுகாவைக் கேரளத்தோடு விடாமல் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்த்தது முதல் எல்லையோரத்து வீடுகளில் கல்யாணம், படிப்பு, ஆசுபத்திரி எல்லாவற்றுக்கும் இது நடக்கிறது. 'அங்க நம்ம இன்சூரன்ஸ் கார்டு எடுக்கமாட்டான்', 'இங்க ஸ்பெஷலிஸ்ட் இல்ல'. எனக்கு ஒரே பதில்தான். எந்த ஆசுபத்திரி கிட்டத்தில் இருக்கிறதோ, அங்கே ராத்திரியும் டாக்டர் இருப்பாரோ, அதற்குப் போங்கள். குழித்துறையோ பாறசாலையோ நெய்யாற்றின்கரையோ, மூச்சைப் பார்த்து, டிரிப் போட்டு, ரத்தம் எடுக்க எல்லா இடத்திலும் முடியும். எண்டோஸ்கோபி தேவைப்பட்டால் அவர்களே ஆம்புலன்ஸில் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆசுபத்திரிக்கோ அனுப்புவார்கள். எண்டோஸ்கோபிக்கு ஏறக்குறைய ஒரு நாள் அவகாசம் உண்டு, மூச்சுக்குழாய் வீங்கினால் ஒரு நிமிஷம் கிடையாது. சரியான ஆசுபத்திரியைத் தேடி முப்பது கிலோமீட்டர் ஓடி, வழியில் பிள்ளை நீலம் பாய்ந்தால் என்ன செய்வீர்கள்? எந்த ஊருக்கு என்பதை இன்றைக்கே, சண்டை இல்லாத ஒரு சாயங்காலத்தில், வீட்டில் பேசி முடிவு செய்துவைத்துக்கொள்ளுங்கள்.

108 இரண்டு மாநிலத்திலும் உண்டு. எல்லையில் நின்று கூப்பிடும்போது அழைப்பு அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடலாம். மலையாளத்தில் குரல் கேட்டால் தவறான எண் என்று வைத்துவிடாதீர்கள், ஊர், பஞ்சாயத்து, மாவட்டம் சொல்லுங்கள். வழியில் போகும்போதே கூப்பிட்டுக் கேட்க டெல்லி எய்ம்ஸில் தேசிய நஞ்சுத் தகவல் மையம் இருக்கிறது: 1800 116 117. கட்டணம் இல்லை, இரவும் பகலும் உண்டு. சின்ன ஆசுபத்திரி டாக்டர்களும் தாராளமாகக் கூப்பிடலாம், நானே கூப்பிட்டிருக்கிறேன்.

ஆசுபத்திரியில் என் மகனுக்குக் கரி கொடுக்கவில்லையே, பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்குக் கொடுத்தார்களே என்று ஃபோனில் கேட்டீர்கள். அது மருந்துக் கரி. மாத்திரை விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் கொடுப்போம், விஷத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆசிட்டை அது பிடிக்காது, மண்ணெண்ணெயையும் இரும்புச் சத்தையும்கூடப் பிடிக்காது. போதாக்குறைக்கு உள்ளே எல்லாம் கறுப்பாகி எண்டோஸ்கோபியில் புண் தெரியாமல் போகும். கொடுக்காமல் விட்டது சரிதான். அடுப்புக்கரியை இடித்து வீட்டில் கொடுப்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஷெட் இல்லாத வீடுகளுக்கும் இரண்டு விஷயம். ஆசிட் குடித்த பிள்ளை அலறும், அதனால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அலறாத விஷங்கள்தான் எனக்குப் பயம். தாத்தாவின் சர்க்கரை மாத்திரை, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போல ஒன்று, ஒரே ஒரு மாத்திரை போதும், சின்னப் பிள்ளைக்கு ரத்தச் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும். அது உடனே நடக்காது. சாயங்காலம் வரை விளையாடிய பிள்ளை ராத்திரி உறக்கத்திலேயே வலிப்பு வந்து கிடக்கும். ஆகவே ஒரு மாத்திரை காணவில்லை என்றால், பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும், ஒரு நாள் முழுக்க ஆசுபத்திரியில் வைத்துச் சர்க்கரை பார்க்கவேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கிற சிவப்பு இரும்பு மாத்திரை பார்க்க மிட்டாய் போலவே இருக்கும். ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு. பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளை பத்து மாத்திரை தின்றால் அது உயிருக்கு ஆபத்தான அளவைத் தொட்டுவிடும். முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. அப்புறம் பல மணி நேரம் தெளிவாக இருக்கும், அந்தத் தெளிவை நம்பி வீட்டுக்குக் கூட்டிப் போனால் மறுநாள் திரும்பி வரும்போது நாடி கிடைக்காது. வீட்டில் கர்ப்பிணி ஒருத்தி, நடக்கிற பிள்ளை ஒன்று, இந்தக் கூட்டணி நம் ஊரில் எவ்வளவு சாதாரணம்! பாரசிட்டமால் சிரப்பும் அப்படித்தான். முதல் நாள் ஒன்றும் தெரியாது, பாதிப்பு ஈரலில். அதற்கு முறிவு மருந்து உண்டு, எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் அருமையாக வேலை செய்யும். எலிபேஸ்ட்டும் ஈரலைத்தான் இரண்டு மூன்று நாள் கழித்துத் தாக்கும், ஆனால் அதற்கு அப்படி ஒரு முறிவு மருந்து கிடையாது.

வேலியில் நிற்கும் மஞ்சள் அரளிக் கொட்டையும், கேரளத்து நீர்க்கரைகளில் காய்க்கும் ஒதளங்காயும் இதயத் துடிப்பைக் குலைப்பவை. குந்துமணியை முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும், மென்றிருந்தால் ஆபத்து. பொம்மையிலிருக்கும் வட்டப் பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் ஓட்டை போடும், அதற்கு முன் எடுத்தாக வேண்டும். கற்பூரம் வலிப்பைக் கொண்டுவரும். போதும், இந்தப் பட்டியலுக்கு முடிவே இல்லை.

உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். மாமி என்ன செய்தார், அடுத்த வீட்டு அக்கா என்ன சொன்னார், எந்த ஆசுபத்திரி, எத்தனை நாள், எல்லாம் இருக்கிறது. ஷெட்டில் அந்த ஆசிட் இப்போது எதில் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று மட்டும் இல்லை. கலந்ததில் மிச்சம் வருவதைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பது உங்கள் வீட்டு வழக்கமா, பால் வெட்ட வருகிற ஆளின் வழக்கமா என்று விசாரியுங்கள். அன்றன்றைக்கு எத்தனை ஷீட்டோ அந்த அளவுக்கு மட்டும் கலக்கச் சொல்லுங்கள். கேன் வாங்கின கேனாகவே, லேபிளோடு, பெரியவர் கை நீட்டினால் மட்டும் எட்டுகிற உயரத்தில் பூட்டு போட்ட பெட்டிக்குள் இருக்கவேண்டும். பாட்டில் யார் கண்ணிலும் படாமல் எரவாணத்தில் செருகிவைத்தால் போதாது, ஆறு மாதத்தில் அவன் ஸ்டூல் இழுத்துப்போட்டு ஏறுவான். எக்ஸ்ரேக்குப் போகிற அன்றைக்கு மாமாவை ஷெட்டில் விட்டுவிட்டு மாமியைக் கூட்டிப் போங்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது பிள்ளையைப் பிடித்துக்கொள்ள அவர்தான் சரி, அவன் அவரிடம்தான் அடங்குவான் என்று நீங்களே சொன்னீர்கள். அந்த நேரத்துக்குள் மாமா பெட்டியை அடித்து முடித்துவிடலாம்.